புதிய முகப்பும் பழைய பட்டியலும்: அருங்காட்சியக இணையதள மறுவடிவமைப்பும் நிதிநல்கையும் குறித்த விமர்சன நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

அருங்காட்சியகங்களின் இணையதளங்களை மறுவடிவமைப்பதற்கான நிதி பெரும்பாலும் குறுகியகாலத் திட்டநிதியாகவே கிடைக்கிறது. இந்நிதி தளத்தின் தோற்றத்தைப் புதுப்பிக்கிறது. தளத்தின் அடிப்படையான பொருட்பட்டியலையும் அதன் தொடர்பராமரிப்பையும் புறத்தே விட்டுவிடுகிறது. பிரித்தானிய லாட்டரி நிதியில் நடைபெற்ற மின்னுருவாக்கத் திட்டம், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம், இலண்டனின் பிரித்தானிய அருங்காட்சியகம் ஆகியவற்றின் பட்டறிவை முன்வைத்து, இந்தியாவிலும் தமிழகத்திலும் உள்ள நிதிவழிகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. ‘மறுவடிவமைப்பு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று வேறுபட்ட பணிகள் அடங்கியுள்ளன என்பதும், மூன்றுக்கும் தனித்தனி நிதிவழிகள் தேடப்படவேண்டும் என்பதும் இதன் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: அருங்காட்சியகம், இணையதளம், நிதிநல்கை, பொருட்பட்டியல், மின்னுருவாக்கம், திறந்த அணுக்கம், அமராவதி.

முன்னுரை

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. அங்குள்ள செப்புத்திருமேனிகளுக்கு எஃப்.எச். கிரேவ்லியும் தி.நா. இராமச்சந்திரனும் தயாரித்த பட்டியல் 1932இல் வெளிவந்தது. அமராவதிச் சிற்பங்கள் குறித்து சி. சிவராமமூர்த்தி எழுதிய நூல் 1942இல் வெளிவந்தது. இரண்டும் அருங்காட்சியகத்தின் வெளியீட்டு வரிசையில் அரசுச் செலவில் அச்சிடப்பட்டவை. கலைவரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் இந்நூல்களின் தட்டு எண்களைக் குறிப்பிட்டே எழுதுகின்றனர். வெளிவந்து எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தபின்னும் ஒரு மேற்கோள் அதே பக்கத்திற்கு இட்டுச்செல்கிறது.

இணையதளத்திற்கு இந்த ஆயுள் வாய்ப்பதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வேட்டில் குறிக்கப்பட்ட அருங்காட்சியக இணையமுகவரியைச் சொடுக்கிப் பார்க்கும் ஆய்வாளர், பக்கம் காணப்படவில்லை என்ற அறிவிப்பையே பலமுறை எதிர்கொள்கிறார். தொழில்நுட்பம் விரைந்து மாறுவதே இதற்குக் காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. இது பாதி உண்மையே. அச்சுத் தொழில்நுட்பமும் மாறியது. ஆனால் நூலைப் பேணும் பொறுப்பு நூலகங்களிடம் இருந்தது, அதற்கான செலவு நூலகங்களின் ஆண்டு வரவு-செலவில் இடம்பெற்றிருந்தது. இணையதளத்தைப் பேணும் பொறுப்பு யாருடையது, அதற்கான பணம் எந்தத் தலைப்பிலிருந்து வரவேண்டும் என்ற வினாக்கள் தளம் உருவாகும் வேளையில் எழுப்பப்படுவதே இல்லை. எனவே இச்சிக்கலை நிதியின் வடிவம் சார்ந்த சிக்கலாக அணுகுவது பொருத்தமானது.

மறுவடிவமைப்பு: ஒரு சொல், மூன்று பணிகள்

‘இணையதள மறுவடிவமைப்பு’ என்று நிதி விண்ணப்பங்களில் எழுதப்படுவதைப் பகுத்துப் பார்த்தால் மூன்று பணிகள் தெரியவருகின்றன.

முதலாவது பட்டியற்பணி. ஒவ்வொரு பொருளுக்கும் சேர்க்கை எண், பெயர், காலம், பொருள்வகை, அளவு, கிடைத்த இடம், வந்துசேர்ந்த வழி, ஒளிப்படம் ஆகியவற்றைத் திரட்டிச் சரிபார்த்துப் பதிவுசெய்வது இது. காப்பாட்சியரும் துறையறிஞரும் செய்யவேண்டிய பணி, மெதுவாக நடப்பது, ஆனால் ஒருமுறை செவ்வையாகச் செய்யப்பட்டால் நெடுங்காலம் பயன்படுவது.

இரண்டாவது முகப்புப்பணி. பக்க அமைப்பு, தேடுபொறி, கைப்பேசித் திரைக்கேற்ற வடிவம், பார்வைக் குறைபாடுடையோரும் பயன்படுத்தத்தக்க அணுகல்தன்மை ஆகியன இதில் அடங்கும். இதனை மென்பொருள் நிறுவனங்கள் சில மாதங்களில் முடித்துத்தர இயலும். இதன் ஆயுள் குறைவு.

மூன்றாவது பராமரிப்புப்பணி. வழங்கிக்கான கட்டணம், களப்பெயர் புதுப்பிப்பு, பாதுகாப்புத் திருத்தங்கள், காப்புப்படிகள், பிழைதிருத்தம், இணைப்புமுகவரிகள் மாறாமல் காத்தல் ஆகியன இதில் அடங்கும். இதற்கு முடிவுநாள் கிடையாது.

இம்மூன்றின் செலவுத்தன்மையும் ஒன்றல்ல. முதலாவது நீண்டகால அறிவுழைப்பு. இரண்டாவது ஒருமுறைச் செலவு. மூன்றாவது ஆண்டுதோறும் வரும் செலவு. ஆனால் ‘மறுவடிவமைப்பு’ என்ற சொல் மூன்றையும் இரண்டாவதன் அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. நல்கை வழங்குவோர் தொடக்கமும் முடிவும் உள்ள ஒன்றையே எதிர்பார்க்கின்றனர். தொடக்கவிழா நடத்தத்தக்கதும் ‘முன்பு’, ‘பின்பு’ என இரு படங்களாகக் காட்டத்தக்கதும் முகப்பு மட்டுமே. ஆகவே விண்ணப்பமும் முகப்பையே முன்னிறுத்தி எழுதப்படுகிறது. பதிவேட்டில் பிழையாக எழுதப்பட்ட ஒரு கண்டெடுப்பிடத்தைத் திருத்தியதற்கு விழா எடுக்க இயலாது.

நல்கையாளர்களை மட்டும் இதற்குக் குறைகூறுவது நேர்மையாகாது. பொதுப்பணத்தைக் குறித்த காலத்திற்குள் குறித்த பயனுக்குச் செலவிட்டதாகக் கணக்குக் காட்டும் கடமை அவர்களுக்கு உண்டு. முடிவுநாளற்ற பணிக்கு அத்தகைய கணக்கைக் காட்டுவது கடினம். சிக்கல் இருதரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு சொல்லில் இருக்கிறது.

திட்டநிதியின் காலக்கணக்கு

திட்டநிதியின் வரம்பைத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு பிரித்தானியாவில் கிடைக்கிறது. அங்கு லாட்டரி வருவாயிலிருந்து நல்கை வழங்கிய ‘நியூ ஆப்பர்சூனிட்டீஸ் ஃபண்ட்’ என்னும் அமைப்பு, 1999இல் ஒரு மின்னுருவாக்கத் திட்டத்தை அறிவித்தது. நூலகங்கள், அருங்காட்சியகங்கள், ஆவணக்காப்பகங்கள் ஆகியவற்றின் ஏறத்தாழ 150 செயல்திட்டங்களுக்கு 5 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. தொழில்நுட்பத் தரம் குறித்த வழிகாட்டுதல்களும் வகுக்கப்பட்டன. அக்காலத்தில் இவ்வளவு பெரிய பொதுநிதி இத்துறைக்குக் கிடைத்தது அரிது.

நிதிக்காலம் முடிந்து சில ஆண்டுகள் ஆனபின் நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. சில தளங்கள் முற்றாக மறைந்தன. பல, வெளியிடப்பட்ட நாளில் இருந்த நிலையிலேயே உறைந்துவிட்டன. படங்கள் வருடப்பட்டன, தரவுகள் எழுதப்பட்டன, தளங்கள் திறக்கப்பட்டன. அவற்றை இயக்கிய பணியாளர்களின் ஒப்பந்தம் நிதியோடு முடிவுற்றது. தாய்நிறுவனத்தின் மையப் பட்டியலோடு இணைக்கப்படாமல் தனித்தளமாக உருவாக்கப்பட்ட தொகுப்புகள் இத்தகைய இழப்புக்கு எளிதில் ஆளாயின. இதிலிருந்து பெறத்தக்க பாடம், திட்டநிதியால் ஒரு தரவுத்தொகுதியைத் தோற்றுவிக்க இயலும், வாழவைக்க இயலாது என்பதே.

தொழில்நுட்ப மாற்றம் இவ்வுண்மையை மேலும் கூர்மையாக்குகிறது. அடோபி ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31ஆம் நாளுடன் நிறுத்தப்பட்டது. அதனை நம்பி உருவாக்கப்பட்ட இணையக் கண்காட்சிகள், வேறு வடிவத்திற்கு மாற்றப்பட்டாலன்றி, திறக்கமுடியாதவை ஆயின. தமிழ்ச்சூழலில் இதற்கு இணையான, இன்னும் நெருக்கமான பட்டறிவு எழுத்துருக்கள் தொடர்பானது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களைத் தரமாக அறிவித்தது. 2010இல் ஒருங்குறியும் டேஸ்16 குறியேற்றமும் தரமாக ஏற்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் வெவ்வேறு குறியேற்றங்களில் உள்ளிடப்பட்ட தமிழ்த் தரவுகள், ஒருங்குறிக்கு மாற்றப்படாதவிடத்து, இன்று திரையில் பொருளற்ற குறிகளாகவே தோன்றுகின்றன. உள்ளீட்டிற்குப் பணம் இருந்தது. மாற்றத்திற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. ஆங்கிலத் தரவுகளுக்கு நேராத இவ்விழப்பு தமிழ்த் தரவுகளுக்கு நேர்ந்தது. எனவே பராமரிப்புநிதி குறித்த வினா தமிழைப் பொறுத்தவரை மொழி சார்ந்த வினாவும் ஆகும்.

ஒற்றை நிதிமூலத்தைச் சார்ந்திருப்பதன் இடரும் அண்மையில் வெளிப்பட்டது. அமெரிக்காவில் அருங்காட்சியகங்களுக்கும் நூலகங்களுக்கும் கூட்டாட்சி நல்கை வழங்கும் நிறுவனத்தைச் சட்டம் அனுமதிக்கும் குறைந்த அளவுக்குச் சுருக்குமாறு 2025 மார்ச்சில் அதிபர் ஆணை வெளியானது. அடுத்த மாதம் தேசிய மானுடவியல் புலங்களுக்கான நல்கைகள் பலவும் இடைநிறுத்தப்பட்டன. நடந்துகொண்டிருந்த மின்னுருவாக்கப் பணிகளும் இதனால் பாதிக்கப்பட்டன. அரசுநிதி நிலையானது, தனியார் நிதி நிலையற்றது என்ற எளிய பிரிப்பு எப்போதும் பொருந்துவதில்லை.

இரண்டு ஐரோப்பிய அருங்காட்சியகங்கள்

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் இத்துறையில் அடிக்கடி முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. அதன் முதன்மைக் கட்டடம் புதுப்பிப்புக்காக 2003இல் மூடப்பட்டு 2013 ஏப்ரலில் திறக்கப்பட்டது. திறப்புக்கு முன்பே, 2012இல், ‘ரைக்ஸ்ஸ்டுடியோ’ என்னும் இணையப்பகுதி 1,25,000 படங்களுடன் வெளியிடப்பட்டது. பயனர்கள் உயர்தரப் படங்களைப் பதிவிறக்கவும் தமக்கெனத் தொகுப்புகளை அமைக்கவும் அது வழிசெய்தது. இணையதள வடிவமைப்பின் வெற்றியாக இது பரவலாகப் பாராட்டப்பட்டது.

ஆனால் அப்பாராட்டில் ஒரு விடுபடல் உள்ளது. தளத்தின் அழகு, அதற்குமுன் ஆண்டுக்கணக்கில் நடைபெற்ற பட்டியலிடலின் மீதும் ஒளிப்படப் பதிவின் மீதும் எழுந்தது. டச்சு லாட்டரி அமைப்பொன்றின் நெடுங்கால ஆதரவு சேகரிப்புகளின் மின்னுருவாக்கத்திற்குத் துணைநின்றது. அதாவது, நிதி முதலில் பட்டியலுக்குச் சென்றது. முகப்பு அதன் பின்னர் வந்தது. பின்பற்ற விரும்பும் நிறுவனங்கள் பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன. மேலும், 37.5 கோடி யூரோ செலவிலான ஒரு கட்டடப் புதுப்பிப்பு தந்த ஊக்கமும் பொதுக்கவனமும் அத்தளத்திற்குப் பின்புலமாக இருந்தன. அந்தச் சூழலை ஒரு மாவட்ட அருங்காட்சியகத்தில் மறுபடைப்புச் செய்ய இயலாது என்பதை மறக்கலாகாது.

படவிற்பனையால் இணையதளச் செலவை ஈடுசெய்யலாம் என்ற கருத்துக்கும் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் பட்டறிவு விடையளிக்கிறது. தொடக்கத்தில் அது நடுத்தரப் படங்களை இலவசமாகவும் உயர்தரப் படங்களைக் கட்டணத்திற்கும் வழங்கியது. படவிற்பனை வருவாய் மொத்த வருவாயில் மிகச்சிறு பங்கே என்பது தெரிந்தபின், உயர்தரப் படங்களையும் இலவசமாக்கியது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் 2017 பிப்ரவரியில் 3,75,000க்கும் மேற்பட்ட படங்களைக் கட்டுப்பாடற்ற பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. பெரும் சேகரிப்புகளைக் கொண்ட நிறுவனங்களே படவிற்பனையை வருவாய்வழியாகப் பெரிதும் நம்பவில்லை எனில், சிறு நிறுவனங்கள் அதனை நம்பி நிதித்திட்டம் வகுப்பது பொருத்தமற்றது.

பிரித்தானிய அருங்காட்சியகத்தின் கதை வேறு. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றுக் காலத்தில், அதன் இணையச் சேகரிப்பு புதுவடிவில் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 45 இலட்சம் பொருள்களுக்கான பதிவுகளும் 19 இலட்சம் படங்களும் அதில் இடம்பெற்றன. முகப்பைப் பொறுத்தவரை அது சிறந்த மறுவடிவமைப்பே. 2023 ஆகஸ்டில் அதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலிருந்து ஏறத்தாழ 2,000 பொருள்கள் திருடப்பட்டோ காணாமற்போயோ சிதைக்கப்பட்டோ உள்ளமை வெளிப்பட்டது. அவற்றில் பல பட்டியலிடப்படாதவை அல்லது அரைகுறையாகப் பட்டியலிடப்பட்டவை. அவ்வாண்டு அக்டோபரில், சேகரிப்பு முழுவதையும் ஐந்தாண்டுகளில் மின்னுருவாக்கும் திட்டத்தை அருங்காட்சியகம் அறிவித்தது. 24 இலட்சம் பதிவுகள் புதிதாகப் பதிவேற்றப்படவோ மேம்படுத்தப்படவோ வேண்டும்; மதிப்பிடப்பட்ட செலவு 1 கோடி பவுண்டு.

இந்நிகழ்வு நிதிதேடல் பற்றிய விவாதத்திற்கு இரண்டு வகையில் உதவுகிறது. முதலாவது, செம்மையான முகப்புக்குப் பின்னாலும் பட்டியல் முழுமையற்று இருக்கக்கூடும் என்பது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தளத்தில் இருப்பவை மட்டுமே தெரியும், இல்லாதவை தெரியா. இரண்டாவது, ஆய்வாளர்களின் தேவைக்காகத் திரட்டப்படாத அவசரம் பாதுகாப்பின் பெயரால் எழுந்தது என்பது. பட்டியல் என்பது ஆய்வுவசதி மட்டுமன்று, உடைமைச் சான்றும் ஆகும் என்ற வாதம் நல்கையாளர்முன் வலிமைபெறுகிறது. இவ்வாதத்தை முன்வைக்க ஒரு திருட்டு நிகழும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.

இந்திய நிதிவழிகள்

இந்தியாவில் அருங்காட்சியக இணையதளங்களுக்குப் பொருந்தத்தக்க நிதிவழிகள் இல்லாமல் இல்லை. ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகம் நடத்தும் அருங்காட்சியக நல்கைத் திட்டத்தில், கலைப்பொருள்களை மின்னுருவாக்கி அவற்றின் படங்களையும் பட்டியல்களையும் இணையத்தில் கிடைக்கச் செய்வதற்கான கூறு இடம்பெற்றுள்ளது. பட்டியலை நோக்கமாகக் குறிப்பிடுவது இக்கூறின் சிறப்பு. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘ஜதன்’ மென்பொருள், பொதுவான தரவமைப்பில் பொருட்பதிவுகளை உள்ளிட வழிசெய்கிறது. அதனை அடிப்படையாகக் கொண்டு 2014இல் தொடங்கப்பெற்ற தேசியத் தளம் முதற்கட்டமாகப் பத்து அருங்காட்சியகங்களின் சேகரிப்புகளை ஒருங்கே கொணர்ந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே மென்பொருள் வாங்கும் செலவைத் தவிர்ப்பதால் இவ்வழி பொருளியல் நோக்கில் அறிவுடையது. தனித்தளத்தைவிடப் பொதுக்களஞ்சியத்தில் உள்ள பதிவுக்கு நிலைபேறும் மிகுதி. எனினும் பதிவின் தரம் உள்ளிடுபவரின் புலமையைப் பொறுத்தது; மென்பொருளின் கட்டத்தை நிரப்புவது வேறு, ஒரு திருமேனியின் காலத்தைக் கணிப்பது வேறு.

இரண்டாவது வழி பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, வரம்புக்குட்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் தேசிய மரபுச்செல்வம், கலை, பண்பாடு ஆகியவற்றின் பாதுகாப்பும் இடம்பெறுகிறது. ஆகவே அருங்காட்சியகப் பட்டியலை மின்னுருவாக்குவதற்கு இந்நிதியைக் கோருவதில் சட்டத்தடை இருப்பதாகத் தோன்றவில்லை. தடை காலவரம்பில் உள்ளது. 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, தொடர்திட்டம் எனப்படுவது தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்றாண்டுகளுக்கு மேற்படக் கூடாது. முகப்புக்கு இக்காலம் மிகுதி, பராமரிப்புக்குப் போதாது.

மூன்றாவது வழி 1996இல் நிறுவப்பட்ட தேசியப் பண்பாட்டு நிதியம். நன்கொடையாளருக்கு வருமான வரிச்சட்டத்தில் முழுவிலக்கு உண்டு. நன்கொடையாளர் தாம் விரும்பும் பணியைக் குறிப்பிட்டுத் தரலாம் என்பதால், ஒரு குறிப்பிட்ட சேகரிப்பின் பட்டியலுக்கென நிதிதிரட்ட இவ்வமைப்பு பொருத்தமானது. ஆனால் நன்கொடையாளரின் விருப்பம் பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகும் நினைவுச்சின்னங்களின்பால் செல்வது இயல்பு. கல்வெட்டுப் பலகையில் பெயர் பொறிக்கப்படும். தரவுத்தளத்தில் பெயர் பொறிக்க இடம் குறைவு.

நிதி கிடைத்தபின் செலவிடும் முறையும் தளத்தின் தன்மையை வரையறுக்கிறது. தமிழக அரசு நிறுவனங்களின் கொள்முதல் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்திற்கு உட்பட்டது. மதிப்பிடப்பட்ட ஒப்பந்தப்புள்ளிகளில் குறைந்த விலையினதை ஏற்பது பொதுநெறி. இந்நெறி முறைகேடுகளைத் தடுப்பதற்கு இன்றியமையாதது. ஆனால் ஒப்பந்த விவரக்குறிப்பில் எழுதப்படாத எதையும் அதன்வழிப் பெற இயலாது. ‘நவீனமான, கவர்ச்சியான இணையதளம்’ என்று மட்டும் எழுதினால் அதுவே கிடைக்கும். தரவுகளைத் திறந்த வடிவில் ஒப்படைத்தல், பழைய இணைப்புமுகவரிகளைப் புதியவற்றுடன் பிணைத்தல், தமிழ்ப் பதிவுகள் முழுமையும் ஒருங்குறியில் இருத்தல், சேர்க்கை எண்ணே நிலைமுகவரியின் அடிப்படையாக அமைதல் ஆகியன விவரக்குறிப்பில் இடம்பெற்றால்தான் குறைந்த விலையிலும் இவை கிடைக்கும். இவ்விவரக்குறிப்பை எழுதத்தக்கவர் காப்பாட்சியர். அவரை அக்குழுவில் சேர்ப்பதற்குப் புதுநிதி தேவையில்லை.

இலவச மேடைகளின் எல்லை

நிதியின்மைக்கு மாற்றாகப் பெருநிறுவனங்களின் இலவச மேடைகள் முன்வைக்கப்படுகின்றன. 2011இல் 17 அருங்காட்சியகங்களுடன் தொடங்கிய கூகுளின் கலைத்திட்டம் அடுத்த ஆண்டே 151 நிறுவனங்களாக விரிந்தது. புதுதில்லி தேசிய அருங்காட்சியகமும் அதில் இணைந்தது. மிகு நுண்மையான படங்களைச் செலவின்றிப் பெற முடிந்தது உண்மையான நன்மையே. இதனைப் புறந்தள்ளுவது பொருளற்றது.

ஆயினும் அம்மேடை தேர்ந்தெடுத்த சிறப்புப் பொருள்களை முன்னிறுத்துகிறது. ஆய்வாளருக்குச் சிறப்புப் பொருள்களைவிட இருப்பறையிலுள்ள உடைந்த துண்டுகள் பலவேளைகளில் இன்றியமையாதவை. மேலும், மேடையின் எதிர்காலம் அதனை நடத்தும் நிறுவனத்தின் முடிவைச் சார்ந்தது. எனவே இத்தகைய மேடைகளைக் காட்சிக்கூடமாகக் கொள்ளலாம், பதிவேடாகக் கொள்ளலாகாது. அருங்காட்சியகத்தின் சொந்தப் பட்டியல் செவ்வையாக இருந்தால் அதன் படியை எந்த மேடைக்கும் வழங்க இயலும். பட்டியல் இல்லாதபோது மேடையே பட்டியலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

பணயமாக இருப்பது எது?

இவ்விவாதம் நிர்வாக நுணுக்கம் சார்ந்ததாகத் தோன்றக்கூடும். இதில் அடங்கியுள்ள இழப்பை இரண்டு நிகழ்வுகள் காட்டும்.

அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஒளிப்படத் தொகுப்பிலிருந்த பழைய படத்துடன் அத்திருமேனி ஒப்பிடப்பட்டது. 2014 செப்டம்பரில் அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இங்கு இருதரப்புப் பதிவுகள் தேவைப்பட்டன: கோயிலில் இருந்ததற்கான படம் ஒருபுறம், கலைக்கூடத்தின் வெளிப்படையான படம் மறுபுறம். இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் ஒப்பீடு நிகழ்ந்திராது. பழைய ஒளிப்படத்தை எடுத்துக் காத்துவைத்தவர்கள் அதன் பிற்காலப் பயனை அறிந்து செய்யவில்லை. பட்டியலின் பயன் பெரும்பாலும் இப்படித்தான், எதிர்பாரா வேளையில் வெளிப்படுகிறது. மூன்றாண்டுத் திட்டத்தின் பயன்மதிப்பீட்டு அறிக்கையில் இத்தகைய பயனைக் காட்ட இயலாது.

இரண்டாவது அமராவதி. அம்மகாதூபியின் சிற்பங்கள் சென்னையிலும் இலண்டனிலும் பிரிந்துகிடக்கின்றன. வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்குக் கொணர்ந்தவற்றில் பல பின்னர் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1880இல் அவை பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்தன. இன்று சென்னையிலுள்ள ஓர் ஆய்வு மாணவர் 1880 எனத் தொடங்கும் சேர்க்கை எண்ணைக்கொண்டு இலண்டன் பலகைகளைத் தம் மேசையிலிருந்தே பார்க்கலாம். அப்பதிவுகளுக்குப் பின்புலமாக 1954இல் டக்ளஸ் பாரெட்டும் 1992இல் ராபர்ட் நாக்ஸும் வெளியிட்ட அச்சுப் பட்டியல்கள் உள்ளன. இலண்டனின் இணையப்பதிவு வானிலிருந்து விழவில்லை. அச்சுப் பட்டியலின் வழித்தோன்றலாகவே அது அமைந்தது. சென்னைக்கும் அத்தகைய மரபு 1942ஆம் ஆண்டின் நூலில் உண்டு. அம்மரபை இணையப்பதிவாக வளர்த்தெடுத்து, இரு நகரங்களின் பலகைகளையும் எண்வழிப் பிணைத்தால், பிரிந்த தூபியை ஆய்வுநிலையிலேனும் ஒன்றுசேர்க்கலாம். இதற்குத் தேவைப்படுவது முகப்பழகு அன்று. பலகை பலகையாகச் செய்யப்படும் பதிவே.

விண்ணப்பத்தை மாற்றி எழுதுதல்

மேற்கண்ட ஆய்விலிருந்து நிதிதேடும் முறைக்குச் சில முடிவுகளைப் பெறலாம். மூன்று பணிகளுக்கும் ஒரே நல்கையாளரை நாடுவதைத் தவிர்த்தல் வேண்டும். பட்டியற்பணிக்கு ஒன்றிய அரசின் மின்னுருவாக்க நல்கையும் தேசியப் பண்பாட்டு நிதியமும் பொருந்தும். முதுகலை, ஆய்வு மாணவர்களின் பட்டியல்சார் ஆய்வேடுகளைப் பல்கலைக்கழகங்கள் அருங்காட்சியகங்களோடு இணைந்து நெறிப்படுத்தினால் இப்பணியின் புலமைச்செலவு கணிசமாகக் குறையும். முகப்புப்பணிக்குப் பெருநிறுவன நிதி பொருந்தும். அதன் குறுகியகால வரம்பு இங்குக் குறையாகாது. பராமரிப்புப்பணி எந்த நல்கையிலும் வைக்கத்தக்கதன்று. மின்கட்டணத்தையும் காவற்பணியையும் போல அது நிறுவனத்தின் ஆண்டு வரவு-செலவில் தனித்தலைப்பாக இடம்பெறவேண்டும். அத்தலைப்பு உறுதியாகும்வரை மறுவடிவமைப்பைத் தள்ளிவைப்பதும் பொறுப்பான முடிவே.

நல்கையாளர் தரப்பிலும் மாற்றம் இயலும். பிரித்தானியாவின் தேசிய லாட்டரி மரபுநிதி, தன் நல்கையில் உருவாகும் எண்மப் படைப்புகள் திறந்த உரிமத்தில் வெளியிடப்படவும், யாவரும் அணுகத்தக்கனவாக இருக்கவும், நல்கையின் அளவுக்கேற்ற கால அளவுக்குத் தொடர்ந்து கிடைக்கவும் வேண்டும் என நிபந்தனை விதிக்கிறது. முந்தைய லாட்டரித் திட்டத்தின் இழப்புகளைக் கண்ட ஒரு நாட்டில் இத்தகைய நிபந்தனை வந்தமை பொருளுடையது. இந்திய நல்கைத் திட்டங்களிலும் பெருநிறுவன ஒப்பந்தங்களிலும் இதனை ஒத்த ஒரு விதியைச் சேர்ப்பதற்குக் கூடுதல் பணம் தேவையில்லை. ஆனால் நிபந்தனை மட்டும் போதாது. நிறைவேற்றும் செலவை யார் ஏற்பது என்பதும் உடன் எழுதப்படவேண்டும். இல்லையேல் அது சிறு நிறுவனங்களின் மீது மற்றொரு சுமையாகவே முடியும்.

இவ்வாதத்திற்கு ஒரு மறுப்பு எழலாம். பொதுமக்கள் பார்க்க விரும்புவது முகப்பையே. வறண்ட பட்டியலை நாடிவருவோர் சிலரே என்பது அது. அணுகல்தன்மையற்ற, கைப்பேசியில் திறக்காத ஒரு தளத்தில் எவ்வளவு செம்மையான பட்டியல் இருப்பினும் அது பெரும்பாலோர்க்குப் பயன்படாது என்பதும் உண்மை. முகப்புப்பணியைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. முகப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் பட்டியலை இழக்கும் நிலை நீங்கவேண்டும் என்பதே கோரிக்கை. பட்டியல் நிலையாக இருப்பின் முகப்பைப் பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவதில் இழப்பு ஏதுமில்லை.

முடிவுரை

அருங்காட்சியக இணையதளத்திற்கான நிதி அரிதாகக் கிடைப்பது என்பதைவிட, கிடைக்கும் நிதி தவறான அலகில் கோரப்படுகிறது என்பதே இவ்வாய்வின் கண்டறிதல். ‘மறுவடிவமைப்பு’ என்ற அலகு கட்டடத் திறப்புவிழாவின் மனப்பாங்கை இணையத்திற்குக் கொண்டுவருகிறது. ‘பட்டியல்’ என்ற அலகு நூல்வெளியீட்டின் மனப்பாங்கைக் கொண்டுவருகிறது. சென்னை அருங்காட்சியகம் 1932லும் 1942லும் செய்தது பின்னதை. அந்நூல்களுக்குச் செலவிட்ட அரசு அவற்றின் பயனை மூன்றாண்டுகளில் அளந்து பார்க்கவில்லை. அதனால்தான் அவை இன்றும் பயன்படுகின்றன. தமிழியல் ஆய்வாளர்கள் இணையதளங்களின் பயனாளர்களாக மட்டும் நில்லாது, நிதி விண்ணப்பங்களையும் ஒப்பந்த விவரக்குறிப்புகளையும் ஆய்வுக்குரிய பனுவல்களாகக் கொண்டு வாசிக்கவும் திருத்தவும் முன்வருதல் வேண்டும். ஓர் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் இன்று எழுதப்படும் இணையமுகவரி அடுத்த தலைமுறை மாணவருக்குத் திறக்குமா என்பது அப்பனுவல்களில்தான் முடிவாகிறது.